அமுதசுரபியும் சிறைக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தைப் பற்றி நம்மிடையே நிகழும் பேச்சுப் பெரும்பாலும் அமுதசுரபியோடு தொடங்கி அமுதசுரபியோடே முடிந்துவிடுகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம், அதனைக் கையிலேந்திப் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்ட இளந்துறவி, அவளுடைய அருளுள்ளம். மேடைப் பேச்சாளர் இதனைக் கூறிக் கைதட்டல் பெறுகின்றார். மாணவர் இதனை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். ஒவ்வொருவரும் இவ்வாறு கருணையுடையவராய் வாழத் தொடங்கினாற் சமுதாயம் தானே திருந்திவிடும் என்ற முடிவும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றது.

இம்முடிவு முற்றிலும் பிழையென்று நான் கூறவரவில்லை. தனிமனிதனுடைய அறப்பண்புகளைப் பற்றிப் பேசுவதே பிற்போக்கு என்று கருதும் நண்பர்கள் சிலர் நம் பக்கத்திலும் உளர். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கருணை எவ்வழியால், எந்த எல்லைவரை, ஓர் ஊரின் வாழ்வை மாற்ற வல்லது என்ற கேள்வியை நம் மேடைகளைவிடக் கூர்மையாகச் சீத்தலைச் சாத்தனாரே எழுப்பியிருக்கின்றார் என்பதே என் கருத்து. உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு இந்நூலைப் பதிப்பித்த பின்னர், அதன் காலம், சமயம், அளவைவாதம் ஆகியவற்றை ஆராய்ந்தோர் பலர். பசியைப் பற்றிய நூலாக அதனைப் படித்தோர் மிகச் சிலரே.

முதலிலே பாத்திரத்தை ஏந்திய கைகள் எவருடையவை என்று பார்ப்போம். ஆபுத்திரன் பெற்ற தாயாற் கைவிடப்பட்டவன். பசுவொன்று ஏழு நாட்கள் பாலூட்டக் கிடந்தவன். இளம்பூதி என்னும் பார்ப்பனன் எடுத்து வளர்க்க மறை கற்றவன். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவொன்றை இரவிலே அவிழ்த்துக்கொண்டு போனான் என்பதே அவன் செய்த குற்றம். அகப்பட்டதும் அவனை எதிர்த்தோர் முதலில் எடுத்த ஆயுதம் வாதமன்று, பிறப்பு. 'உன் பிறப்பை யாம் அறிவோம்' என்கின்றனர். அவன் நகைத்து, அவர்கள் போற்றும் முனிவர்கள் சிலருடைய பிறப்பை எடுத்துக் காட்டுகின்றான். அதன்பின் வளர்த்த தந்தையும் அவனை வீட்டை விட்டு நீக்குகின்றான். ஊருக்குள் பிச்சைக்குச் சென்றால், சோறு விழ வேண்டிய பாத்திரத்திற் கல் விழுகின்றது. இரண்டாவதாக அப்பாத்திரத்தை ஏந்திய மணிமேகலையோ கணிகையர் குலத்தவள். அவள் பிச்சைப் பாத்திரத்தோடு வீதியில் இறங்கியபோது ஊரார் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். பிறப்பாற் பழிக்கப்பட்ட இருவரிடத்திலேதான் காப்பியத்தின் கருணை முழுவதும் தங்கியிருக்கின்றது. பெருஞ்செல்வரின் வள்ளன்மையைப் பாடுவதே வழக்கமாயிருந்த ஒரு மரபிலே இஃது எளிய செய்தியன்று.

மதுரைக்கு வந்த ஆபுத்திரன், வீடுதோறும் இரந்த சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டி, மிச்சத்தைத் தானுண்டு, ஓட்டைத் தலைக்கணையாக வைத்துத் துயின்றான். மழையிரவொன்றிற் பசித்தவர் சிலர் வந்து நிற்கக் கொடுப்பதற்கு ஒன்றுமின்றி வருந்தியபோதுதான் அமுதசுரபி அவனுக்குக் கிடைக்கின்றது. கொடுத்தவள் சிந்தாதேவி, கலைக்கோயிலில் வீற்றிருக்கும் கல்வித் தெய்வம். சோற்றுப் பாத்திரத்தைத் திருமகள் கையிலிருந்து வாங்காமற் கல்வித் தெய்வத்தின் கையிலிருந்து வாங்கிக் கொடுத்த புலவனை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் சிறிது நின்று வணங்கலாம்.

இனி வருவதே காப்பியத்தின் மிகக் கூரிய பகுதி என்பேன். ஆபுத்திரனுடைய அறத்துக்குப் பயன் தருவதாகச் சொல்லிக்கொண்டு கிழப் பார்ப்பன வடிவில் இந்திரன் வருகின்றான். அறஞ் செய்வோரில்லாத உன் தேவருலகம் எனக்கு எதற்கு என்று ஆபுத்திரன் எள்ளிவிடுகின்றான். சினங்கொண்ட இந்திரன் அவனைத் தண்டிக்க எண்ணிச் செய்தது என்ன? பன்னிரண்டு ஆண்டுகள் மழை காணாதிருந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான். வயல் விளைந்தது, பசித்தவர் இல்லாமற் போயினர், அமுதசுரபிக்கு வேலையும் இல்லாமற் போயிற்று.

இதனைக் கூர்ந்து நோக்குவோர்க்கு இரண்டு உண்மைகள் புலப்படும். மழை வந்ததும் நாடு முழுவதும் உண்டது. பாத்திரமோ தன்னைத் தேடி வந்தவர்க்கே உணவளித்தது. உற்பத்தி பெருகுவது எத்தனை பெரிய அறவோனின் ஈகையையும் விடப் பெரிது என்பதைப் புலவன் மறைக்கவில்லை. பசித்தோர் இல்லை என்ற நற்செய்தி அறவோன் ஒருவனுக்குத் துயரச் செய்தியாகிவிட்ட அவலத்தையும் அவன் மறைக்கவில்லை. உண்ண வருவோர் உளரோ என்று ஆபுத்திரன் ஊர் ஊராய்த் திரிகின்றான், கண்டவர் நகைக்கின்றனர். ஏழ்மை இருந்தாலன்றித் தொழிற்பட முடியாத கருணையின் இக்கட்டு இதுவே.

ஆனால் வளம் வந்த பின்னர் மதுரையின் அம்பலம் என்னவாயிற்று? நலிந்தோர் கூடி உண்ட அதே இடத்திற் காமுகரும் தூர்த்தரும் வீணரும் கூடிச் சூதாடியும் வம்பளந்தும் பொழுது போக்கினர் என்கின்றார் சாத்தனார். வயிறு நிறைந்தால் மனிதன் தானே மனிதனாகிவிடுவான் என்று நம்பும் நம் நண்பர்கள் படிக்கவேண்டிய இடம் இது. மழை செய்யாத வேலையும் ஒன்று உண்டு.

சாவகநாடு மழையின்றி வாடுகின்றதெனக் கேட்டுக் கப்பலேறிய ஆபுத்திரன், மணிபல்லவத் தீவிலே இறங்க, அவன் ஏறிவிட்டான் என்றெண்ணிக் கப்பல் போய்விடுகின்றது. மணிபல்லவத்தை நமது நயினாதீவெனக் கொள்வாரும் உளர். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. ஆளில்லாத் தீவு, கையிலே வற்றாத பாத்திரம், பலர் உயிரைக் காத்த ஒன்றால் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். நெஞ்சை உருக்கும் முடிவுதான். எனினும் ஒரு பெருங்கருணை தன்னைச் சுமந்த மனிதனோடு சேர்ந்து நின்றுபோன முடிவும் அதுவே.

மணிமேகலை அங்கிருந்துதான் தொடங்குகின்றாள். தெய்வப் பாத்திரமேயாயினும் அதிலே முதற் சோறு மனிதக் கையால், ஆதிரையின் வீட்டு அடுக்களையிலிருந்து, விழவேண்டியிருந்தது. பின்னர் யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் நோய் தீர்கின்றது. முனிவனொருவனுடைய நாவற்கனியைக் காலாற் சிதைத்ததனால் வந்த சாபமே அப்பசி எனப்படுகின்றது. பசிக்குக் காரணம் கூறுமிடத்துச் சாத்தனாரும் பழைய வினைக்கொள்கையின் பிள்ளையே. ஆயினும் 'வினைப்பயனை அனுபவித்துத் தீர்' என்று எவரும் அவளுக்கு உபதேசிக்கவில்லை. சோறு கொடுக்கின்றனர்.

அடுத்து, உதயகுமரனிடமிருந்து தப்பும்பொருட்டு மணிமேகலை காயசண்டிகையின் வடிவத்தை எடுத்துக்கொள்கின்றாள். கதையை நகர்த்துவதற்கான உத்தி என்று இதனை உரையாசிரியர் கடந்துவிடலாம். விளைவை நோக்குங்கள். சிறைச்சாலைக்குள் நுழைந்து கைதிகளுக்கு உணவளித்தவளின் தோற்றம், பசியால் மெலிந்து வாடிய பெண்ணொருத்தியின் தோற்றம். அரசனிடம் ஓடிய காவலரும் அவ்வாறே அறிவிக்கின்றனர். கொடுப்பவளையும் வாங்குபவரையும் தோற்றத்தால் வேறுபடுத்த இயலவில்லை.

2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, காலைச் சாப்பாடின்றி வந்து முதற் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்த்த பிள்ளைகளை ஆசிரியர் பலரும் கண்டோம். உதவி செய்தோர் பலர். நான் அறிந்த பாடசாலையொன்றிலே கொடையாளர் சிலர் வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டுப் பொதி கொடுத்துப் படம் பிடித்துச் சென்றனர். பெயர் கூப்பிடப்பட்டவர்களிற் சிலர் மறுநாள் வரவில்லை. அதே பாடசாலையில் ஆசிரியை ஒருவர் வேறு வழி கண்டார். இடைவேளையில் எல்லாரும் கொண்டுவந்த சோற்றையும் கறியையும் ஒரு சட்டியிற் கொட்டச் செய்து, குழைத்து, உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைத்தார். 'குழைசோறு எண்டால் எல்லாருக்கும் விருப்பந்தானே' என்பதே அவர் கூறிய ஒரே விளக்கம். எவர் கொண்டுவந்தார், எவர் கொண்டுவரவில்லை என்பது அச்சட்டிக்குள்ளே மறைந்துவிட்டது. காயசண்டிகையின் வடிவத்தை அவ்வாசிரியை எடுத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றியது.

அடுத்த ஆண்டு அவருக்கு இடமாற்றம் வந்தது. சட்டியும் நின்றுபோயிற்று.

ஆபுத்திரனுடைய கப்பல் போய்விட்டதைப் போன்ற இந்த நிலைக்குச் சாத்தனார் காட்டும் மறுமொழிதான் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை. வியந்துபோன அரசன் மாவண்கிள்ளி அவளை அழைத்து, 'நான் செய்யவேண்டியது யாது' என்று வினவுகின்றான். மேலும் அரிசி கொடு என்று அவள் கேட்கவில்லை. இன்னொரு மண்டபம் கட்டித் தா என்றும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை ஒழித்து அருளறத்தோர் வாழும் கோட்டமாக ஆக்கிவிடு என்கின்றாள். அரசனும் அவ்வாறே செய்கின்றான். ஒரு பெண்ணின் மனத்தில் இருந்த பண்பு கட்டடமாக, ஏற்பாடாக, அவள் இல்லாதபோதும் தொழிற்படக்கூடிய ஒன்றாக உருமாறும் கணம் அது. தமிழ்க் காப்பியங்களில் இதற்கு இணையான வேறொரு கணத்தை நான் அறியேன்.

நம்மண்ணின் வரலாற்றிலும் இவ்வுருமாற்றம் நிகழ்ந்ததுண்டு. அதுவும் சோற்றோடும் இருக்கையோடும் ஒட்டியே நிகழ்ந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிப காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற யாழ்ப்பாண இயக்கத்தினர், ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர், பெரும்பாலும் ஆசிரியரும் மாணவருமே. சாதி பாராது ஒன்றாயிருந்து உண்பதை அவர்கள் முதலிலே தம் சொந்த ஒழுக்கமாகக் கொண்டனர். வீட்டாரின் கோபத்தையும் ஊராரின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டனர். அக்காலத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டையொட்டி, உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டும் என்பது விதியாக வந்தபோது, எதிர்த்தோர் சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தனர். விருந்துக்கு ஒருநாள் ஒன்றாயிருந்தபோது பொறுத்துக்கொண்டவர்கள், அது விதியாகி நாள்தோறும் வாங்கில் ஏறி அமர்ந்தபோதுதான் தீப்பெட்டியை எடுத்தனர் என்பதைக் கவனிக்கவேண்டும்.

விதியும் தன்னளவிற் போதவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் ஏறிய பின்னரும் தேநீர்க்கடைகளில் வேறு பேணியும் போத்தலும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதன்பின் தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நடந்த போராட்டங்களும் அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தன. அங்கே உரிமை கேட்டு நின்றவர் உணவு வாங்க வந்தவரல்லர். தமக்குரியதைத் தாமே எடுக்க வந்தவர்.

இவ்விடத்திலேதான் காப்பியத்தின் குறை தெரிகின்றது. சிறைக்கோட்டத்துக் கைதிகள் உண்கின்றனர், விடுதலை பெறுகின்றனர், ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்கள் எக்குற்றத்துக்காக அடைபட்டனர் என்று மணிமேகலையும் கேட்கவில்லை, அரசனும் சொல்லவில்லை. மாற்றம் முழுவதும் ஒரு துறவியின் வேண்டுகோளுக்கும் ஓர் அரசனின் இசைவுக்கும் இடையே முடிந்துவிடுகின்றது. நிலமானியச் சமுதாயத்துப் புலவனிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று என்று கூறலாம். நியாயமன்றுதான். ஆனால் அவ்வரசனின் இசைவு எத்தகையது என்பதை அதே புலவன் தயங்காது காட்டிவிடுகின்றான். அறக்கோட்டம் எழுந்து மூன்று காதைகள் கழிவதற்குள், இளவரசன் கொலையுண்ட செய்தி கேட்ட அதே அரசனின் ஆணையால், மணிமேகலையே காவலில் வைக்கப்படுகின்றாள். இருபத்திரண்டாம் காதையின் பெயரே சிறைசெய் காதை. சிறையை ஒழிக்கச் சொன்னவளுக்கு அந்நகரில் இன்னும் ஒரு சிறை மீதமிருந்தது.

பின்னர்ப் புகார் நகரையே கடல் கொண்டது. மகனை இழந்த துயரில் அரசன் இந்திரவிழாவை மறந்தான் என்று அதற்குக் காரணம் கூறப்படுகின்றது. அறக்கோட்டமும் நகரோடு போயிருக்கவேண்டும். சாத்தனார் அதைப் பற்றி மீண்டும் பேசவில்லை. காஞ்சியிலே மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, மணிமேகலை மறுபடியும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, குருடரையும் முடவரையும் பல மொழி பேசுவோரையும் அழைத்து, முதலிலிருந்து தொடங்கினாள்.