மாவுக்கையும் சுண்ணாம்புப் பானையும்

திராட்சைத் தோலில் தானாக ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டைக் கொண்டே நொதிக்கவிடுவது ‘இயற்கை ஒயின்’. விலைக்கு வாங்கிய ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கந்தகமும் மிகக் குறைவு. இப்படிப்பட்ட மாற்று முறைகளை ஆராயும் சமூகவியலாளர்கள், நுண்ணுயிரைப் பகையாக அல்ல, கூட்டாளியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் காய்ச்சாத பாலில் பாலாடைக்கட்டி செய்பவர்களைப் பற்றி 2008இல் எழுதிய மானிடவியலாளர் ஹெதர் பாக்ஸன் இதை ‘நுண்ணுயிர் அரசியல்’ என்றார். எந்தக் கிருமி நல்லது, எது கெட்டது என்ற தீர்ப்பு, மனிதர் எப்படி வாழ வேண்டும் என்ற தீர்ப்பும்தான் என்பது அவர் வாதம்.

வாதம் சரிதான். ஆனால் ‘கூட்டாளி’ என்ற இனிய சொல், யாருடைய உழைப்பு என்ற கேள்வியை மூடிவிடுகிறது. சூரமங்கலத்து வீடுகளில் இட்லி மாவு இரவெல்லாம் புளிக்கிறது. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வரும் பாக்டீரியாக்களே பொங்கவைக்கின்றன. பொங்கினால் கைராசி, பொங்காவிட்டால் அவள் தப்பு. அதே கை மாதவிலக்கு நாட்களில் மாவைத் தொடக் கூடாது என்னும் வீடுகளும் உண்டு. நுண்ணுயிரோடு இணங்கி வாழ்வது இவளுக்குத் தத்துவமல்ல, தினசரி வேலை.

பனையைப் பாருங்கள். பாளையில் வடியும் சாறு சில மணி நேரத்தில் கள்ளாகும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீராக நிற்கும். மரமேறுவது ஆண், புகையில் நின்று கருப்பட்டி காய்ச்சுவது பெரும்பாலும் பெண். தமிழ்நாட்டில் சட்டமும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான் நிற்கிறது: பதநீர் விற்கலாம், கள் விற்கக் கூடாது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில். இன்றோ ஆலை மதுவை அரசின் டாஸ்மாக்கே விற்கிறது. மரத்துக் கள் குற்றம், ஆலைச் சரக்கு வருமானம். பாக்ஸனின் கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகிறது.

அதற்காகக் கள்ளைக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றார்கள். அந்த மரபைக் கிருமி பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. மதுவை எதிர்க்கும் பெண்கள் பேசுவது ஈஸ்ட்டைப் பற்றியல்ல. வீடு வந்து சேராத கூலியைப் பற்றி, விழுந்த அடியைப் பற்றி. ஒயினின் ருசியில் தோயும் ஆய்வுகளில் அந்த வீடு எங்கே?

நுண்ணுயிர் ஆய்வைத் தள்ள வேண்டாம். அதைத் தமிழில் நாமே செய்வோம். மாவு கரைக்கும் கை, கருப்பட்டி அடுப்பு, டாஸ்மாக் வாசல் மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதும் ஆய்வு நமக்கு வேண்டும்.