திரும்பிவந்த மோதிரம்

புத்தம் புதுக் காலை, நவரசா, மாடர்ன் லவ் சென்னை என்று ஓடிடி தளங்கள் ஆந்தாலஜிகளை இறக்கும்போதெல்லாம், ‘சில்லுக் கருப்பட்டி மாதிரி வரவில்லையே’ என்ற பெருமூச்சும் கூடவே எழுகிறது. 2019 டிசம்பரில் வந்த ஹலிதா ஷமீமின் படத்துக்கு அந்தப் புகழ் தகும். நான்கு கதைகளையும் ஒருவரே எழுதி இயக்கியதால், பலர் கூடிச் செய்யும் தொகுப்புகளில் கிட்டாத ஒருமை அதற்கு உண்டு. ‘டர்டில்ஸ்’ கதையில் ஸ்ரீராமும் லீலா சாம்சனும் முதுமைக் காதலைக் கேலிப்பொருளாக விடவில்லை. ஆனால் இதை அளவுகோலாக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இருவர் சந்தித்துவிட்டால் போதும், நடுவிலுள்ள தூரம் தானே கரைந்துவிடும் என்று இந்தப் படம் நம்புகிறது. இதன் வேறு கதைகளில் ஷேர் கேபிலும் ஆஸ்பத்திரியிலும் சந்திப்பவர்கள் ஏறத்தாழ ஒரே தட்டில் வாழ்பவர்கள் என்பதால் அங்கே அந்த நம்பிக்கை உறுத்துவதில்லை.

இதே படத்தின் ‘பிங்க் பேக்’ கதை அப்படியல்ல. குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் மாஞ்சா, தினமும் வரும் இளஞ்சிவப்புப் பையின் வழியே மிட்டி என்ற வசதியான வீட்டுச் சிறுமியை அறிகிறான். குப்பையோடு வந்துவிட்ட மோதிரத்தை அவளிடம் சேர்க்கத் துடிக்கிறான். அவன் அதை விற்றிருந்தால் படம் அவனை இதே வாஞ்சையோடு பார்த்திருக்குமா? ஏழை நம் அன்பைப் பெற மோதிரத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். வீட்டிலிருப்பவள் எதையும் தரவேண்டியதில்லை. நிஜச் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளின் குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கியபடி குவிந்தது. அந்தப் புகையிலும் நாற்றத்திலும் பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்ற கேள்வி எழும் முன்பே, இசையும் அழகிய ஒளிப்பதிவும் அந்த இடத்தைக் கனவாக்கிவிடுகின்றன.

சிறுவர்களின் மென்மையான கதைமேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா, அரைமணி நேரத்தில் சமூக ஆய்வா செய்ய முடியும் என்பார்கள். ஆய்வை யாரும் கேட்கவில்லை. அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ சிறுகதை சில பக்கங்கள்தான். சினிமா ஸ்டுடியோவில் வேலை கேட்டு வந்தவன் புலியாகவே மாறிக்காட்டுகிறான். பிறகு அவனுக்குப் போட்ட கடிதம் ஆளில்லாமல் திரும்பிவருகிறது. கோயன் சகோதரர்களின் ‘தி பேலட் ஆஃப் பஸ்டர் ஸ்க்ரக்ஸ்’ (2018) படத்தின் ஆறு கதைகளில் ஒன்றில், கைகால் இல்லாத கலைஞனின் இடத்தைக் கணக்குப் போடும் கோழி பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் பிரசங்கம் இல்லை, ஆறுதலும் இல்லை. சிறிய வடிவம் கசப்பைத் தாங்கும். நாம்தான் அதனிடம் இதத்தை மட்டும் கேட்கப் பழகிவிட்டோம். ஊரடங்கில் கூலிக்காரர்கள் சொந்த ஊருக்கு நடந்துபோன 2020-இல் வந்த ‘புத்தம் புதுக் காலை’யின் ஐந்து கதைகளில் நான்கு, வசதியான வீடுகளுக்குள் உறவுகள் ஒட்டிக்கொள்வதைத்தான் சொல்லின. அது சில்லுக் கருப்பட்டியிடமிருந்து விலகிப்போய்த் தோற்றதாக நான் நினைக்கவில்லை. அதே நம்பிக்கையை, அதைவிடச் சுமாராகச் சொன்ன படம் அது.