துய்ப்பவர் யார்? – கதைப்பின்னல் பற்றிய ஒரு குறிப்பு

கதைப்பின்னலின் கூறுகள் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அரிஸ்ரோட்டிலிலிருந்து தொடங்குவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. தொடக்கம், நடு, முடிவு, நிலைமாற்றம், இனங்காணல் என்பவற்றோடு 1863 இல் ஜேர்மானியரான பிறெய்ராக் நாடகத்துக்கு வகுத்த ஏற்ற இறக்கக் கூம்பையும் சேர்த்து ஒப்புவிக்கிறோம். தமிழில் இத்தகைய சிந்தனையே இருக்கவில்லை என்ற மயக்கம் இதனால் ஏற்படுகின்றது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் நாடகச் சந்தி ஐந்தினை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என விளக்குகின்றார். பாகுபாடு வடமொழி நாடகவியலின் வழிவந்ததே. ஆயின் விளக்கம் முழுவதும் வயலிலிருந்து பெறப்பட்டது. உழுத நிலத்திலிட்ட வித்து முளைத்து, நாற்றாகி, கருக்கொண்டு, கதிர் முற்றி, ஈற்றில் அறுத்துப் போரிட்டு உண்டு மகிழப்படுகின்றது.

கதை நகர்வதற்கு உழைப்பு வேண்டும் என்பதை இவ்வுரை அறிந்திருக்கின்றது. உழுதவனே உண்டானா என்ற வினா மட்டும் அங்கு எழவில்லை. நிலவுடைமைச் சமுதாயத்து உரையாசிரியரிடம் அதனை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. நாவலாசிரியனுக்கோ அவ்வினாவைத் தவிர்க்கவியலாது. நிகழ்ச்சிகளைக் காரணத்தாற் பிணைப்பதே கதைப்பின்னல் எனின் (போஸ்ரர் 1927 இல் காட்டிய வேறுபாடும் இதுவே), எத்தகைய காரணம் என்று கேட்டாக வேண்டும்.

ஈழத்தின் முதல் நாவல்களை இவ்வகையில் நோக்கலாம். சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885), இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) ஆகிய இரண்டுமே குழந்தைப் பருவத்திற் பிரிந்தவர் பின்னர் உற்றாரோடு சேரும் கதைகள். இரண்டாவது ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். தற்செயல் பிரிக்கின்றது, தற்செயல் சேர்க்கின்றது. இனங்காணலின்போது வெளிப்படுவது பிறப்பு. மனிதனின் இடத்தைப் பிறப்பே தீர்மானித்த சமுதாயத்தில் இம்முடிவு வாசகருக்கு இயல்பாகவே பட்டிருக்கும்.

முகத்துவாரத்திலிருந்து ஒரு கதையைக் கற்பனை செய்வோம். களனி கங்கை கடலொடு கலக்குமிடத்து மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படகொன்று தென்மேற்குப் பருவக்காற்றிற் கவிழ்கின்றது, ஒருவன் இறக்கின்றான், மனைவி தனித்து நிற்கின்றாள். இது துயரச் செய்தி, இன்னும் பின்னலாகவில்லை. மே மாதத்திற் கடல் கொந்தளிக்கும் என்பதை அறிந்தவன் ஏன் சென்றான்? எரிபொருளுக்கும் ஐஸுக்குமான செலவு கழித்தபின் எஞ்சுவதிலேயே படகுக்காரருக்கும் தொழிலாளருக்கும் பங்கு. சென்ற முறை எஞ்சியது கடனே. இங்கே புயல் விதியின் பிரதிநிதியாக இருந்த நிலை மாறுகின்றது. அடியார்க்குநல்லாரின் ‘துய்த்தல்’ பங்கு பிரிக்கும் கணக்குப் புத்தகத்தில் வந்து நிற்கின்றது.

இவ்விடத்து எம்மவரையும் விமர்சித்தாக வேண்டும். முற்போக்குக் கதைகள் பலவற்றில் இறுதிப் பக்கத்தில் தொழிற்சங்கத் தோழர் வருகின்றார், வேலைநிறுத்தம் வெல்கின்றது. காணாமற்போன சகோதரனுக்கும் இத்தோழருக்கும் பின்னலில் வேறுபாடு யாது? இருவரும் வெளியிலிருந்து வந்து முடிச்சை அவிழ்ப்பவர்களே. கொள்கை சரியாயிருப்பது பின்னலின் பொய்யை மறைத்துவிடாது. இதனைச் சொல்லக் கூசினால் எமது விமர்சனத்தைக் கட்சிச் சுற்றறிக்கையாகவே வாசிப்பர்.

டானியலின் ‘பஞ்சமர்’ (1972) கட்டுக்கோப்பற்றது என்று குறைகூறுவோர் உளர். பாத்திரங்கள் பெருகி நிகழ்ச்சிகள் சிதறுவது உண்மைதான். சில இடங்களில் அது வெறும் கவனக்குறைவே. எனினும் 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் விரிந்த போராட்டத்தை ஒரு நாயகனின் ஏற்ற இறக்கத்துள் அடக்க முயன்றிருந்தால் அந்நாவல் பொய்த்திருக்கும். அங்கே போராட்டம் வெளியிலிருந்து வரும் விருந்தாளியன்று. முதலிலிருந்தே அன்றாட அவமதிப்புகளில் அது விதைக்கப்பட்டுள்ளது.

எமது முகத்துவாரக் கதைக்கும் அதுவே வேண்டும். கடற்கரையிற் பெண்கள் திரண்டு படகுக்காரர் வாசலுக்குச் செல்வதாக முடிப்பது எளிது. அதற்கு முன், அக்கணக்குப் புத்தகத்தை எழுதுபவர் எவர், இறந்தவன் மனைவி அதனை வாசிக்க வல்லவளா என்பன முதற்பக்கங்களிலேயே தெரிந்திருக்க வேண்டும்.