எந்த வகையறா?

மாசி மகா சிவராத்திரி அன்று கம்பம், போடி, சின்னமனூரிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் போகிற பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. குலசாமி கும்பிடப் போகிற கூட்டம் அது. உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமி பெட்டி நடந்தே போகும். அந்தக் கூட்டத்தில், தாத்தா காலத்திலேயே பிழைக்கப் போய்விட்டு, பூர்வீக ஊரைத் தேடி வந்த ஒருவர் எப்போதும் இருப்பார்.

அவரிடம் பெரியவர்கள் விசாரிக்கிற அழகை ரசிக்க வேண்டும். பெயரையோ வேலையையோ கேட்க மாட்டார்கள். "எந்த வகையறாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. மொட்டையன், நெட்டையன் என்று தாத்தாவின் அப்பாவுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் தெரிந்தால் போதும், பாதி வழி வந்தாயிற்று. ஊர் சும்மா கூப்பிட்ட பெயர், ஒரு குடும்பத்துக்கே முகவரியாகி நிற்கிறது.

மீதி வழியைக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு காட்டும். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயர் ஏறும். செத்தவர் பெயர் அடிபடும். அடித்த கோட்டுக்கு அடியில் அந்தப் பெயரை இன்னும் படிக்க முடிகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். வரி வசூலிக்கப் போட்ட நோட்டு, வம்ச வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

மனிதர்களுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் வம்சம் பார்ப்பவர்கள் உண்டு. கம்பத்துக் காப்பிலியர் சமூகத்தாரின் வீடுகளில் இன்றும் கன்னடம் பேசுகிறார்கள். முன்னோர் கன்னட நாட்டிலிருந்து வந்தபோது கூடவே வந்த மந்தையின் வழிதான் தம்பிரான் மாட்டுத் தொழுவில் நிற்பது என்பார்கள். அந்த மந்தைக்குத் தலைமையான பட்டத்துக் காளை இறந்தால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1906இல் வந்த மதுரை கெசட்டியரில் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். ஊர் கூடியிருக்க, மந்தைக்கு முன்னால் ஒரு கரும்புக் கட்டை வைப்பார்கள். எந்தக் காளை முதலில் தானாக வந்து கரும்பைத் தின்கிறதோ அதற்குத்தான் பட்டம். எந்த மனிதனும் கை நீட்டி 'இது' என்று சொல்வதில்லை. இதைவிட நாசூக்கான வாரிசுரிமை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த நுணுக்கத்துக்கு ஈடாக நான் வியப்பது சீனர்களின் வம்சாவளி ஏட்டை. பல குலங்களில் தலைமுறைப் பாட்டு என்று ஒன்று உண்டு. அதில் தலைமுறைக்கு ஓர் எழுத்து. அந்தத் தலைமுறை ஆண்பிள்ளைகள் எல்லோர் பெயரிலும் அந்த எழுத்து வரும். பினாங்கிலிருந்து குவாங்டாங் கிராமத்துக்குப் போகிற பேரனின் பெயரைக் கேட்டதுமே, அவன் எந்தத் தலைமுறை, யாருக்குப் பேரன் முறை என்று தெரிந்துவிடும். தன்னைவிடச் சிறிய பையனைச் சித்தப்பா என்று அவன் கூப்பிட வேண்டிவரலாம். நம் பங்காளி வீடுகளிலும் மடியில் கிடக்கிற பிள்ளை சித்தப்பா முறையாவது உண்டுதானே! கடல் கடந்து போனவர்கள் கல்லறையிலும் சொந்த ஊர்ப் பெயரைப் பொறித்தார்கள்.

அந்தச் சீனர்களில் சிலர் நம் நீலகிரிக்கும் வந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே, தமிழ்ப் பெண்களைக் கட்டிக் காபியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி தர்ஸ்டன் எழுதி 1909இல் வந்த தொகுதிகளில் அவர்களின் தலையளவும் மூக்களவும் பதிவாகியிருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளிடம் 'எந்த வகையறா?' என்ற நம் பெரியவர்களின் ஒற்றைக் கேள்வியையும் யாராவது கேட்டு எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஏட்டிலும் நோட்டிலும் ஒரே குறை உண்டு. பெண்பிள்ளைகளின் பெயர் பொதுவாகக் கிடையாது. கன்ஃபூசியஸ் குடும்பத்தார் 2009இல் தங்கள் ஏட்டைத் திருத்தி வெளியிட்டபோது, இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே முதல் முறையாகப் பெண்களையும் சேர்த்தார்கள். நம் பக்கத்து நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் அது இன்னும் நடக்கவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டுச் சாமிதான் மகளுக்குச் சாமி என்பது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பாட்டி பிறந்த வீட்டைத் தேடி ஒரு பேத்தி வந்தால் அவளுக்குக் காட்ட ஒரு வரிகூட இல்லையே. அடுத்த நோட்டுப் போடும்போது அப்பன் பெயருக்குக் கீழே மகளையும், அவளைக் கட்டிக்கொடுத்த ஊரையும் எழுதலாம். வரி கேட்க வேண்டாம், பெயர் மட்டும் இருந்தால் போதும்.