மஞ்சள் கேசட்

ஓசூர் சிப்காட் பக்கம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் அந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட்டும் இருக்கும். மேலே '9999 இன் 1' என்று ஸ்டிக்கர். ஓட்டிப் பார்த்தால் உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். மாரியோவையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்துக் கணக்கை நிரப்பியிருப்பார்கள். அந்தத் துணிச்சலுக்கே ஒரு சபாஷ்.

1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியின் கேசட்டுகளுக்கு நகல்கள் இவை. திறந்தால் சர்க்யூட் பலகையில் ஒரு கருப்புப் பொட்டு, சிப்பின் மேல் ஊற்றி இறுகிய எபாக்ஸி. கீழே 60 பின். ஓடாவிட்டால் வாயால் ஊதுவோம். ஊதிய ஈரம் பின்களை அரிக்கத்தான் செய்தது; ஆட்டத்தை ஓடவைத்தது கழற்றி மறுபடி செருகியதுதான்.

விற்கலாமா? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் சேகரிப்பவர்கள் தேடுவது அசல் ஜப்பான் கேசட்டை. நகலுக்குப் பெட்ரோல் காசு தேறினால் அதிர்ஷ்டம். அசல் இருந்தால் தாராளமாக விற்கலாம் என்பேன். நகலை வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடியது அதைத்தான்.

கேசட்டை விடுங்கள், வாத்து சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கியை விற்பதுதான் சிக்கல். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அதைப் பிடிக்கும். இந்த நேரக்கணக்கு பழைய பிக்சர் டியூப் டிவிக்கு எழுதியது, எல்.இ.டி. திரையில் ஒரு வாத்தும் விழாது. விற்பதென்றால் டிவியையும் சேர்த்துக் கொடுக்கணும், அதைத் தூக்க இரண்டு ஆள் தேடணும்.