காலிக் குழாய்க்குத்தான் முதல் மார்க்

இழுப்புக்காரர் இருக்கும் வீட்டில் அலமாரியின் ஒரு தட்டு குட்டி மருந்துக்கடையாகவே மாறிவிடும். எங்கள் வீட்டுத் தட்டில் இப்போது இருப்பவை: அழுத்தினால் சீறும் பஃப் இன்ஹேலர், கேப்சூல் போட்டுத் திருகும் ரோட்டாஹேலர், மேசையில் உட்கார்ந்து இரையும் நெபுலைசர், பிறகு ஸ்பேசர் என்ற வெறும் பிளாஸ்டிக் குழாய். போனும் வாட்ச்சும் அலசும் பக்கத்தில் இவை எதற்கு என்று கேட்கலாம். மிக்ஸி வாங்கினால்கூடக் கடைக்காரர் ஒரு தடவை ஓட்டிக் காட்டுகிறார். இன்ஹேலரைக் காகித உறையில் போட்டு நீட்டிவிடுகிறார்கள். நாமும் கேட்காமல் வாங்கி வந்து வாயில் வைத்துக்கொள்கிறோம்.

இந்த நான்கையும் நான் பார்த்தது ஒரே அளவுகோலில்: மருந்து எங்கே போய் விழுகிறது? நுரையீரலில் விழுந்தால் வேலை செய்யும். தொண்டையில் விழுந்தால் தொல்லைதான் கொடுக்கும்.

பஃப் இன்ஹேலருக்கு வயது எழுபதாகிவிட்டது. அதற்கு முன்பு ரப்பர் குமிழைக் கையால் அமுக்கும் கண்ணாடிக் கருவிகள்தான். கீழே விழுந்தால் உடையும். அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசனின் மகளுக்கு ஆஸ்துமா. முடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி இதையும் செய்யக் கூடாதா என்று அவள் கேட்டதிலிருந்து பிறந்ததுதான் 1956இல் விற்பனைக்கு வந்த முதல் பஃப். வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. உலோக டப்பாவுக்குள் மருந்தும் அழுத்த வாயுவும். ஒவ்வோர் அழுத்துக்கும் அளந்து வெளியே விடும் ஒரு வால்வு. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது என்பது தனிக் கவலை.

சிக்கல் கையாள்வதில்தான் இருக்கிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். நாலைந்து விநாடி இழுத்து, பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். சரியாகச் செய்தாலே மருந்தில் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலைச் சேரும். தப்பாகச் செய்தால் என்ன ஆகிறது என்று உடனே தெரியும்: தொண்டையின் பின்சுவரில் சில்லென்று ஓர் அறை, நாக்கில் கசப்பு. மூச்சு இழுத்தது இழுத்தபடியே இருக்கும்.

இந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் நீல நிறத்தில் வருவது சால்பியூட்டமால். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகிக் கிடக்கும்போது, அதில் உள்ள பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி இளக வைக்கும். ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சு திறக்கும். நாலைந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதே ஏற்பிகள் கைத்தசையிலும் இதயத்திலும் உண்டு. ரத்தத்தில் கலந்த மருந்து அங்கேயும் போகும். விரல் நடுங்குவதும் படபடப்பதும் அதனால்தான். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கும்.

நீலத்தைப் பற்றிய என் புகார் நடுக்கம் இல்லை. இது வீக்கத்தைத் தொடவே தொடாது. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்து கிடக்கும் நோய்; தசை இறுகுவது அதன் விளைவு. நீலத்தை மட்டும் நம்பியிருந்தால் உள்ளே வீக்கம் பாட்டுக்கு வளரும். 200 அழுத்து கொண்ட நீல டப்பா ஆண்டுக்கு மூன்று காலியானாலே ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்களின் கணக்கு. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா, 2019இல் பெரியவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் வெறும் நீலத்தோடு விட்டுவிடக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

வீக்கத்தை அடக்குவது புடெசோனைடு போன்ற ஸ்டீராய்டு. இந்தப் பேரைக் கேட்டதும் பாதி வீடுகளில் டப்பா அலமாரிக்குள் போய்விடும். “பழகிட்டா விட முடியாதுப்பா” என்று சொல்ல ஒரு பெரியம்மா எங்கும் இருப்பார். கணக்கைப் பாருங்கள்: ஓர் அழுத்தில் வருவது 100, 200 மைக்ரோகிராம். இழுப்பு முற்றிய நாளில் கொடுக்கும் பிரட்னிசலோன் மாத்திரை 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டும் வேறு மருந்து, வீரியமும் வேறு. ஆனாலும் வித்தியாசம் புரியும். இன்ஹேலரை ஒதுக்குபவர்கள்தான் கடைசியில் அந்த மாத்திரையிடம் போய் நிற்கிறார்கள்.

பக்கவிளைவே இல்லை என்று நான் சொல்லவில்லை. குரல் கம்மும். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைப் பூஞ்சை படரும். குழந்தைகள் வளர்ந்து நிற்கும் உயரத்தில் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம். அதிக அளவில் ஆண்டுக்கணக்காக எடுத்தால் எலும்பு அடர்த்தியையும் கண்புரையையும் கவனிக்க வேண்டும். இதில் முதல் இரண்டும் தொண்டையில் தங்கிய மருந்தின் வேலை. இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் குறையும். துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

இங்கேதான் ஸ்பேசர் உள்ளே வருகிறது. மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. ஒரு முனையில் பஃப், மறுமுனையில் வாய், நடுவே காலி இடம். சில நூறு ரூபாய். அழுத்தியதும் புகை குழாய்க்குள் நிற்கிறது. பெரிய துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ள, நுண்துளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டிய வித்தை தேவையில்லை. முகமூடி மாட்டிக் கைக்குழந்தைக்கும் கொடுக்கலாம். தொண்டையில் அந்தச் சில்லென்ற அறை வருவதே இல்லை. குறை என்றால், சட்டைப் பைக்குள் அடங்காது. துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கி, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள்.

ரோட்டாஹேலரில் வாயு கிடையாது. கேப்சூல் பொடியை நம் மூச்சின் வேகமே தூக்கிச் செல்ல வேண்டும். ஆகவே இதில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பஃப்பில் பழகியவர் பழக்க தோஷத்தில் மெல்ல இழுத்தால் பாதிப் பொடி உள்ளேயே தங்கும். திறந்து பார்த்து, மிச்சமிருந்தால் மறுபடி இழுங்கள். லாக்டோஸ் கலந்திருப்பதால் நாக்கில் லேசான இனிப்பு தெரியும். இளையவர்களுக்கு நல்ல கருவி. இழுக்கவே தெம்பில்லாத நேரத்திலும் சின்னக் குழந்தைகளுக்கும் இது உதவாது.

நெபுலைசருக்கு இருக்கும் மரியாதை அதன் சத்தத்துக்கும் புகைக்கும்தான். ஒரு முறை வைக்கும் சால்பியூட்டமால் 2.5 மில்லிகிராம், பஃப் கணக்கில் 25 அழுத்து. வைத்து முடித்ததும் காபி டம்ளர் கையில் ஆடுகிறது. மிதமான இழுப்புக்கு ஸ்பேசரோடு அடிக்கும் பஃப்பே இதற்கு ஈடு கொடுக்கும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். கப்பைக் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி வேறு.

மாத்திரைகள் இந்தப் போட்டியில் இல்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. தியோஃபிலின் கலந்த மாத்திரையில் பலனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு. குமட்டல், படபடப்பு, மிஞ்சினால் வலிப்பு. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு எகிறும். மான்டெலுகாஸ்ட் என்ற இன்னொரு ஆஸ்துமா மாத்திரைக்கு 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தன் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியைப் போட்டது: கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம். பிள்ளையின் போக்கு திடீரென்று மாறினால் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு: பஃப்பும் ஸ்பேசரும் சேர்ந்த ஜோடிக்கு முதலிடம், வெளியூர்ப் பைக்கு ரோட்டாஹேலர், நெபுலைசர் மருத்துவர் வாங்கச் சொன்னால் மட்டும். பஃப் வாங்கும்போது எண்ணிக்கை காட்டும் டப்பாவாகக் கேளுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு சீறிக்கொண்டிருக்கும், குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போய், அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.