ஜுவனைல்: யாருக்கு வயசு, யாருக்கு வழக்கு?

'ஜுவனைல்' என்ற சொல்லை எங்கள் தேனிப் பக்கம் நான் இரண்டே இடங்களில்தான் கேட்டிருக்கிறேன். ஒன்று போலீஸ் ஸ்டேஷன், மற்றொன்று கோர்ட் வாசல். "பய ஜுவனைலு, சீக்கிரம் வெளிய வந்துருவான்" என்று சொல்லப்படும்போது அதில் இளமை என்ற பொருள் துளியும் மிஞ்சியிருப்பதில்லை. ஒரு சொல்லிலிருந்து அதன் உயிரை உருவியது யார் என்பதுதான் என் கேள்வி.

லத்தீனில் இதன் மூலம் 'யுவெனிஸ்'. வடமொழி 'யுவன்' இதற்குக் கூடப்பிறந்த சொல். உயிர்த்துடிப்பைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து இரண்டும் கிளைத்தவை என்பது மொழியியலாளர் கருத்து. ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கில் 30 முதல் 45 வயதுவரை உள்ளவர்களே யுவெனிஸ். அதாவது வலுவின் உச்சியில் நின்றவனுக்கான பெயர் அது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் 'இளமைக்குரிய' என்பதுதான் பொருள். 1816இல் லண்டனில் ஒரு குழு, நகரில் சிறார் குற்றம் பெருகுவதாக அறிக்கை வெளியிட்டது. தலைப்பிலேயே 'ஜுவனைல் டெலின்குவன்ஸி'. ஏழை வீட்டுப் பிள்ளைகள் தெருவில் நின்ற காலம் அது. கனவான் வீட்டுப் பையன் செய்தால் குறும்பு, இவன் செய்தால் குற்றம். 1899இல் சிகாகோவில் சிறாருக்கெனத் தனி நீதிமன்றம் வந்தது. அதில் கருணை இருந்தது, கூடவே கண்காணிப்பும் இருந்தது.

இது இங்கிலீஷ்காரன் சங்கதி என்று ஒதுக்க முடியாது. சங்கப் பாடல்களில் 'விடலை' பாலை வழியே காதலியை அழைத்துச் செல்லும் தலைவன். பிற்காலப் பாட்டியல் மரபு முப்பது வயதுவரை உள்ள ஆணை விடலை என்றது. இன்றைக்கு 'விடலைப் பசங்க' என்றால் பஸ் ஸ்டாண்டில் வம்பு பண்ணுகிறவர்கள். தலைவன் ஊர்சுற்றியாகிவிட்டான். 'இளகு', 'இளக்காரம்' எல்லாம் அகராதியில் இளமைக்கு அண்டை வீட்டுச் சொற்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

1920க்கு வருவோம். சிறாரைப் பெரியவர்களிடமிருந்து வேறாக நடத்த வேண்டும் என்று சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் இயற்றிய ஆண்டு. அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிக்குப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகைச் சட்டத்தை எதிர்த்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். ரேகைச் சட்டம் என்று நம் ஜனங்கள் சொல்லும் 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிச் சட்டம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒரே மாகாணம், ஒரு கையில் குழந்தைக்குப் பாதுகாப்பு, மறு கையில் துப்பாக்கி. பிறக்கும்போதே குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்டவனுக்கு ஏது இளமை? 1947இல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது.

இப்போது சட்டப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்போம். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையனுக்கு எல்லை 16, பெண்ணுக்கு 18. 2000இல் இருவருக்கும் 18. 2015ஆம் ஆண்டுச் சட்டம் உடலில் 'ஜுவனைல்' என்ற சொல்லைக் குறைத்துக் 'குழந்தை' என்று எழுதியது. ஆனால் கொடுங்குற்றம் என்றால் 16 முடிந்த 'குழந்தை'யைப் பெரியவனாக விசாரிக்கவும் அதுவே கதவைத் திறந்தது. மறு வருஷம், 2016இல், குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை 'வளரிளம் பருவத்தினர்' என்று தனியே பிரித்து, அபாயமில்லாத வேலை செய்யலாம் என்றது. ஒரே பதினாறு வயசுப் பையன் கூலிக்கு நிற்கும்போது வளரிளம் பருவத்தான், வழக்கில் சிக்கினால் குழந்தை, வழக்கு பெரிசானால் பெரியவன்! அவன் கூடப்பிறந்தவளுக்கோ சட்டமே வேண்டாம். 'ஆளாயிட்டா' என்று ஊர் சொன்ன அன்றைக்கே அவள் குழந்தைப் பருவம் முடிந்தது.

இன்னொரு வேடிக்கை. சட்டத்தின் தமிழ்ப் பெயரில் ஜுவனைல் 'இளைஞர்' ஆகிறது: 'இளைஞர் நீதிச் சட்டம்'. கட்சியிலும் இளைஞர் உண்டு. மு.க. ஸ்டாலின் 2017 ஜனவரியில் திமுக இளைஞரணிச் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகியபோது அவருக்கு வயது 63. வர்ரோவே தோற்றுப்போவார்! மேலே இருப்பவனுக்கு இளமை நீளும், கீழே இருப்பவனுக்கு அது சுருங்கும்.

சாதியில் இது தலைகீழாக வேலை செய்யும். கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டம் துரவில், அறுபது வயசுத் தலித் கூலிக்காரரைப் பத்து வயசு முதலாளி வீட்டுப் பையன் 'டேய்' என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அவருக்கு முதுமை மறுக்கப்படுகிறது, கடைசிவரை 'பய'தான். ரேகைச் சட்டத்தில் தங்கள் முன்னோர் பட்ட அவமானத்தை மேடைபோட்டுச் சொல்கிறவர்களில் சிலர் வாயிலும் இந்தப் 'பய' கூசாமல் வருகிறது. தனக்கு நேர்ந்தது வரலாறு, தான் செய்வது வழக்கம் என்று இவர்களால் எப்படிப் பிரிக்க முடிகிறது?

"சொல்லை மாத்திட்டா எல்லாம் மாறிருமா?" என்று தோழர்கள் கேட்பார்கள். மாறாது. 2015ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குச் சாட்சி. நான் சொல்வது வேறு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'வயசுப் பையன்' என்றால் இளைஞன். 'வயசு' என்றாலே இளமைதான். போனால்தான் 'வயசானவர்'. வயசு என்பது குற்றமல்ல, ஒரு சொத்து என்ற அறிவு அந்தச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொத்து யாருக்குக் கிடைத்தது, யாரிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதை எழுதுவதுதான் நம் வேலை. அடுத்த முறை 'ஜுவனைல் கைது' என்று பேப்பரில் படிக்கும்போது, அந்தப் பையன் எந்தத் தெரு, எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினான், யார் தோட்டத்தில் வேலை பார்த்தான் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு குற்றத்தைப் பேசலாம்.